சாராளின் கணவர் பெயர்

மொன்றியல் நகரின் நடுவே இருக்கும் அந்தக் கல் தேவாலயத்தின் பக்கக் கதவைத் திறந்ததும், உள்ளே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் "போன்ஜூர், ஹாய்" என்று சொல்லி என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். "சூப் வியாழக்கிழமைதான், டியர். இன்று ரொட்டி மட்டும்." நான் புறநகர் லவாலிலிருந்து மெட்ரோ பிடித்து வந்தது ரொட்டிக்காக அல்ல, என் மூதாதையரான பிரெஸ்பிட்டேரியன் போதகரைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். "உங்கள் போதகரா? இன்று அவர் வரவில்லையே." அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். ரொட்டிச் சீட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பழுப்புத் தோலோடு பக்கக் கதவு வழியாக வருகிறவள் பசியோடுதான் வந்திருப்பாள் என்பது இந்த ஊர்க் கணக்கு. அந்த அம்மாளை மன்னித்துவிடலாம், அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த என் அண்ணனை என்ன செய்வது?

அண்ணன் பணக்காரப் புறநகரான கர்க்லாண்டில் இருக்கிறார், இதய மருத்துவர். ஓய்வு நெருங்க நெருங்க அவருக்கு வம்சப் பித்து பிடித்துவிட்டது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன் பட்டம் கொடுத்த முதல் தமிழ்ப் போதகர்களில் ஒருவர் எங்கள் முன்னோர் கனம் பாக்கியநாதன். அவருடைய மகள் சாராள். சாராளின் மகன் எங்கள் தாத்தா, அவரும் போதகர். எங்கள் அப்பாவும் போதகர். இதை மரமாக வரைந்து, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டி, கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுத் திறப்பு விழா நடத்துவது அவர் திட்டம். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இங்கே டாக்டராகி, வீடு வாங்கி, வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலியும் போட்டு முடித்தவர்களுக்கு அடுத்த வேலை இதுதான்.

அவர் அனுப்பிய வரைவைப் பார்த்தேன். 'எஸ்தர், எம்.எஸ்சி.' என்று என் பெயர் இருந்தது. பக்கத்தில் கணவர் பெயர் இல்லை. என் மகன் டேனியல், தகப்பன் இல்லாமல் பிறந்தவன் மாதிரி, எனக்குக் கீழே நேராகத் தொங்கினான். அண்ணனின் பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று நாய்க்குக்கூட ஒரு மூலையில் இடம் இருந்தது.

என் கணவர் செல்வராஜ் செங்கல்பட்டுக்குப் பக்கத்துச் சேரியிலிருந்து படித்து மேலே வந்தவர். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பமும் அவர் குடும்பமும் ஒரே சபை. ஒரே பெஞ்சு அல்ல. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா ஜெபம் செய்ய மறுத்தார். அண்ணன் அப்படி முரட்டுத்தனமாக எதுவும் செய்யமாட்டார், நாகரிகமானவர். இருபத்தெட்டு வருடங்களாக எங்கள் வீட்டில் ஒரு காபி குடிக்கக்கூட நேரம் இல்லாதவர், அவ்வளவுதான். "அவர் பேரு எங்கண்ணா?" என்று போனில் கேட்டேன். "பாத்துக்கலாம்மா. முதல்ல நீ நம்ம பாக்கியநாதனோட சபை ரெக்கார்டைத் தேடிக் குடு" என்றார். தேடிக் கொடுத்தால் போட்டுவிடுவார் என்று நம்பினேன். அறுபது வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் கடைசிக் காலத்தில் மொன்றியலுக்கு வந்துவிட்டதால், அவருடைய காகிதங்கள் அந்தத் தேவாலயத்து நிலவறையில் கிடந்தன. அதில் செங்கல்பட்டு 'செஷன்' குறிப்பேடும் இருந்தது. பிரெஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. போதகரும் மூப்பர்களும் செஷனாகக் கூடி, திருவிருந்தில் யார் கைநீட்டலாம், யார் கூடாது என்று முடிவுசெய்து எழுதிவைப்பார்கள். பாக்கியநாதன் பெயர் இருந்த ஒரு பக்கத்தில் கூட்டம் ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடிந்திருந்தது. நடுவில், தலைமை வகித்த கனம் பாக்கியநாதன் தன் சொந்த மகளைத் திருவிருந்திலிருந்து நீக்கியிருந்தார். தகப்பன் சம்மதமில்லாமல், சேரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மோசேயைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது குற்றம். சாதி என்ற சொல்லே அதில் இல்லை. படித்தவர்கள் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்துச் சாராள், கைக்குழந்தையோடு, தனியாக, மறுபடி சபையில் சேர்த்துக்கொள்ளப்படுகிறாள். குழந்தையின் ஞானஸ்நானத்தில் தகப்பன் பெயர் எழுதவில்லை, 'பாக்கியநாதன் பொறுப்பில்' என்றிருக்கிறது. சாராளின் கணவர் வாலிபத்திலேயே இறந்துபோனார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதே பெட்டியில் இருந்த பள்ளிக்கூட அறிக்கைகளைப் புரட்டினேன். மோசே அதற்கப்புறம் ஒன்பது வருடம் உயிரோடு இருந்து, அதே சேரியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். பரிசுத்தமான எங்கள் குடும்பம் உயிரோடிருந்த மனிதரைக் கொன்று புதைத்துவிட்டு, அவர் வழியாக வந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு நூறு வருடம் பெருமை பேசியிருக்கிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

செல்வராஜிடம் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அந்த மரத்துல எனக்கு ஒரு கிளை வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? நீதான் கேட்டுக்கிட்டிருக்கே."

விழா அன்று மார்ச் மாதத்துச் சேற்றுப் பனி. அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே போனதும் அண்ணனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தின் நகலை நீட்டினேன்.

"இது வேற சாராளா இருக்கும்."

"அப்பா பேரு பாக்கியநாதன். மகன் பேரு நம்ம தாத்தா பேரு. வேற சாராளா?"

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பசங்க எல்லாரும் வந்திருக்காங்க எஸ்தர். கனடாவுக்கு வந்தும் எதுக்கும்மா சாதியப் பத்திப் பேசணும்?"

"அப்ப செல்வராஜ் பேரு?"

"பிரிண்ட் ஆயிடுச்சேம்மா. இடமும் பத்தலை." பிறகு, ஏதோ மரியாதைக்குக் கேட்கிற மாதிரி, "அவர் வரலையா?" என்றார்.

"வெளியே கார்ல இருக்கார்" என்றேன். வாயிலிருந்து சர்வசாதாரணமாக வந்துவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு ஈஸ்டருக்கும், இதே வீட்டில், இதே கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் அது. இருபத்தெட்டு வருடமாக அவர் என்னை வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார், நானும் இறங்கியிருக்கிறேன். மரத்தில் அண்ணன் ஒன்றும் பொய்யாக வரையவில்லை. இந்த வீட்டுக்கு நான் எப்படி வந்தேனோ அப்படியே வரைந்திருக்கிறார்.

வாசலுக்குப் போய், குவிந்து கிடந்த காலணிகளுக்கு நடுவே என் பூட்ஸைத் தேடி ஒன்றை மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார், "எஸ்தர், போட்டோ எடுக்கணும், சீக்கிரம் வா. உனக்காகத்தான் எல்லாரும் நிக்கறோம்." அந்தக் குரல் அச்சு அசலாக அப்பாவின் குரல். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். செல்வராஜ் இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த தன் கோட்டை எடுத்துப் பின்னால் போட்டு எனக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார். இன்னொரு பூட்ஸ் கையில் இருந்தது. ஒரு கால் பூட்ஸில், ஒரு கால் அண்ணன் வீட்டு வெதுவெதுப்பான தரையில். கொஞ்ச நேரம் நான் அப்படியே நின்றேன்.