முதல் ஸ்கேன்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை நேரம். கூத்தாநல்லூரிலிருந்து நானும் என் மாமியாரும் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஒரு லேடி டாக்டரிடம் எனக்கு முதல் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய கரு. என் கணவர் குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். லீவு முடிந்து அவர் திரும்பிப் போன பிறகுதான் எனக்கு நாள் தள்ளியது. வீட்டிலேயே டெஸ்ட் செய்து பார்த்தபோது இரண்டு கோடு விழுந்தது. அவரிடமும் மாமியிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "மூணு மாசம் ஆகட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முந்தின நாளே அடிவயிற்றில் லேசாக வலி இருந்தது. வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். பஸ் வடுவூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். வலதுபக்கம் யாரோ கத்தியால் கீறியது போல ஒரு வலி. வயிற்றில் ஆரம்பித்தது, ஏனென்று தெரியவில்லை, தோள்பட்டை வரை வலித்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாமியின் மடியில் சாய்ந்தது நினைவிருக்கிறது. மாமி போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கண்டக்டர் 108-க்குப் போன் செய்தார். பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவசர சிகிச்சைப் பிரிவில் என்னை இறக்கினார்கள்.

அங்கே ஒரு டாக்டர், மாணவ மாணவிகளைச் சுற்றி நிற்க வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சக்கரம் வைத்த வண்டியில் ஒரு சின்ன ஸ்கேன் மெஷின் இருந்தது. ஆபத்தான நிலையில் வருகிறவர்களை ஸ்கேன் அறைக்குத் தூக்கிக்கொண்டு அலையாமல், கட்டிலிலேயே வைத்துப் பார்க்க மாணவர்களைப் பழக்குகிறார்களாம். நர்ஸ் என் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். பிரஷர் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார். நான் கர்ப்பம் என்பதை மாமி சொன்னதும் டாக்டர் வேகமாக மெஷினை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அம்மா, இவங்க படிக்கிற புள்ளைங்க. நான் கூடவே நிப்பேன். இவங்கள்ல ஒருத்தர் வயித்துல ஸ்கேன் வெச்சுப் பாக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் தலையாட்டினேன். மாமி மட்டும், "ஆம்பளைப் புள்ளைங்க வேணாங்க" என்றார். டாக்டர் பையன்களைத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, ஒரு மாணவியின் கையில் கருவியைக் கொடுத்தார். முகத்தில் பரு மாறாத பெண். அவள் என் வயிற்றில் ஜெல்லைத் தடவினாள்.

"விலாவுக்குக் கீழ வை. ஈரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல பாரு."

"தெரியல சார்."

"பதறாத. கொஞ்சம் கீழ சாய்ச்சுப் பிடி."

வலியில் பாதி மயக்கத்தில் கிடந்த எனக்கு அவர்கள் பேசியதில் ஒன்றுமே விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இதுதானே ஸ்கேன். இதற்காகத்தானே காலையில் கிளம்பி வந்தோம். எந்த ஊரில் எடுத்தால் என்ன, என் பிள்ளையை இப்போது பார்க்கப் போகிறார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் கத்தினாள். "சார், தெரியுது! தெரியுது சார்!"

பரீட்சையில் பாஸாகிவிட்டவளின் குரல் அது. அவ்வளவு சந்தோஷம். நான் மாமியின் கையைப் பிடித்தேன். "மாமி, தெரியுதாம்." மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

"புள்ளைக்குத் துடிப்பு இருக்காம்மா?"

அவள் வாய் திறந்தபடியே நின்றது. சிரிப்பு முழுசாக மறைவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் அவள் கையிலிருந்து கருவியை வாங்கி, என் தொப்புளுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, கரு கர்ப்பப்பையில தங்கல. பக்கத்துல இருக்கற குழாய்ல தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. இந்தப் பொண்ணு பாத்தது ரத்தம். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"அப்ப புள்ள?"

"அதைக் காப்பாத்த வழியே இல்லம்மா. உங்களக் காப்பாத்தணும்."

அதன் பிறகு எல்லாம் அவசரம். மாமி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர்களில் அந்தப் பெண்ணும் இருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை என் வயிற்றில் அந்த ஜெல் ஈரம் காயாமலே இருந்தது.

பிழைத்துக்கொண்டேன். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். வார்டில் கண் விழித்தபோது எங்கோ ஒரு பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மாமி போனை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் என் கணவர். அவர் பேசவில்லை. கடைக்குள் யாரோ விலை கேட்பதும், யாரோ அரபியில் சிரிப்பதும்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் பேசாமல் அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். மாமிக்கு அவளைப் பார்த்ததும் ஆத்திரம். "எங்க குடி முழுகிப் போனது உனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூடப் படிக்கிறவங்க மேலயே வெச்சு வெச்சுப் பழகினோம் அக்கா. அவங்க வயித்துல எல்லாம் ஒண்ணும் இருக்காது. படத்துல பாத்தது மொத மொதல்ல நேர்ல தெரிஞ்சதும் கத்திட்டேன். நீங்க கேட்டப்புறம்தான் அங்க ஒருத்தங்க படுத்திருக்காங்கன்னே எனக்கு உறைச்சுது."

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "என் புள்ளைய நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நான் பாக்கல. ரத்தம் மட்டும்தான் பாத்தேன்."

பொய்யாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ பாக்காம விட்டிருந்தா?" என்றேன். "சார் பாத்திருப்பாரு. ஆனா நேரம் போயிருக்கும். உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லக்கா." எனக்கு அவளைத் திட்டவும் வரவில்லை, நன்றி சொல்லவும் வரவில்லை. அவள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, தையல் வலிக்க வலிக்க அழுதேன்.

சில மாதம் கழித்து மறு பரிசோதனைக்குப் போயிருந்தேன். அதே டாக்டர், புதிதாக வந்த மாணவிகளுக்குப் பழக்க யாராவது சம்மதிப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமி என் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம், வா போவோம்." நான் போய்ப் படுத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இப்போது அந்தப் பெண்ணும் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வேலையைத் தொடங்கினாள். "மொதல்ல அக்காகிட்ட, நீங்க யாரு, எதுக்காகப் பாக்கறீங்கன்னு சொல்லுங்க. எது தெரிஞ்சாலும் சத்தம் போடக் கூடாது" என்றாள் மாணவிகளிடம்.

ஒரு மாணவி வயிறு முழுக்கத் தேடிவிட்டு, "ஒண்ணும் இல்ல அக்கா, எல்லாம் நார்மல்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மேல் குற்றமில்லை. என் கதை அவளுக்குத் தெரியாது. நான் மெஷினின் திரையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்துகொண்டிருந்தது. ஒன்றும் இல்லாத வயிற்றைத்தான் நார்மல் என்று படிக்கிறார்கள். மாமி திரைக்கு வெளியே திரும்பி நின்றிருந்தார்.

இன்னும் ஒரு குழாய் இருக்கிறது, நம்பிக்கையோடு இருங்கள் என்கிறார்கள். இதுவரை எதுவும் ஆகவில்லை. என் பிள்ளை போனதை எனக்குச் சொன்னதும், என்னை உயிரோடு வைத்ததும் "தெரியுது" என்ற அந்த ஒரே குரல்தான் என்பதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் அந்தக் குரலுக்கும் என் கேள்விக்கும் நடுவே, நான் தாயாக இருந்த அந்தச் சில நொடிகளை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.