நின்றுபோன பாலுக்காக மாதாவிடம் சண்டை போட்டேன்

போன வருடம் கொள்ளிடம் பெருக்கெடுத்தபோது, ஸ்ரீரங்கத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. பள்ளிக்கூட முகாமுக்குப் போனோம். அதற்கு முந்தின நாள்தான் என் கொழுந்தனார் மனைவி ஸ்டெல்லாவை டெங்கு காய்ச்சலோடு தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவள் பிழைப்பாளா என்றே தெரியவில்லை. அவளுடைய இரண்டு மாதக் குழந்தை அருள் என் கையில் இருந்தான்.

பால்பவுடர் கொடுத்தார்கள். ஆனால் பாட்டிலைக் கொதிக்கவைத்துக் கழுவ அங்கே வழியில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

என் மகளுக்குப் பால் மறக்கடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. "நான் குடுத்துப் பாக்குறேன் அத்தை" என்றேன்.

"நின்ன பால் திரும்ப வருமாடி? பச்சப்புள்ளைய வதைக்காத" என்றார் மாமியார்.

முகாமுக்கு வந்த நர்ஸிடம் கேட்டேன். "வரும்ங்க. பொறுமை வேணும்" என்றார். குழந்தைக்கு மருந்து கொடுத்தார். எனக்கு நோய்த்தொற்று ஏதும் இல்லையே என்று ரத்தத்தைச் சோதித்தார். பால் ஊறும்வரை, அவரே முகாம் சமையல்கட்டில் சொல்லி ஏற்பாடு செய்த, கொதித்து ஆறிய தண்ணீரில் பவுடரைக் கரைத்துச் சுத்தமான சங்கில் புகட்டச் சொன்னார். கூடவே அடிக்கடி மார்பில் போடவும் சொன்னார்.

போட்டேன். ஒன்றும் வரவில்லை. சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டான். "இவளுக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

வீம்புதான். ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டையே போட்டேன். "மாதாவே, நீயும் புள்ளைக்குப் பால் குடுத்தவதானே! நான் விடமாட்டேன். நீயும் விடக்கூடாது!"

முகாம் முடிந்து, வீட்டுச் சேற்றைக் கழுவிய நாட்களிலும் நிறுத்தவில்லை. ஒரு காலை அவன் உதட்டோரம் வெள்ளையாக வழிந்தது. கத்திவிட்டேன். மாமியார் ஓடி வந்து பார்த்தார். உடனே எனக்குக் கஞ்சி காய்ச்சப் போனார்.

ஸ்டெல்லா பிழைத்து வந்தாள். மகன் என்னிடம் குடிப்பதைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள். "எனக்கு வத்திப்போச்சுக்கா. இனிமே நீங்கதான் அவனுக்கு அம்மா."

"யாருடி சொன்னா வத்திப்போச்சுன்னு? புடி இவனை!" என்று அவள் மடியில் கிடத்தினேன். விடாமல் போடப்போட, அவளுக்கும் ஊறியது. இப்போது அவன் தன் தாயிடம்தான் குடிக்கிறான்.

தாயே, உமக்கு நன்றி. முன்பெல்லாம் யாராவது 'முடியாது' என்றால் தலையாட்டிவிடுவேன். இப்போது ஆட்டுவதில்லை. சகோதரிகளே, உங்களிடமும் யாராவது எல்லாம் முடிந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். மாதாவிடம் கேளுங்கள். சண்டை போட்டே கேளுங்கள். அந்தத் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.