பதில் மணி வந்தால்தான் கூண்டு நகரும்

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரு ஈஜிபுராவில் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது செல்போன் அடித்தது. அமல்ராஜின் எண். கேனைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு, "என்னப்பா, லீவு நாள்லகூட விடமாட்டியா?" என்றேன். பேசியது அவருடைய மனைவி சகாயமேரி. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி. கோலார் தங்கவயலில் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. நான் கேட்ட அந்தக் கிண்டல் கேள்வி இன்னும் என் வாயில் கசக்கிறது.

அமலோடு வேலை செய்தவர்களும், தங்கவயலிலிருந்து பெங்களூரு வரும் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் அவருக்கு இடம் பிடித்து வைத்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நாங்கள் இருவரும் ஒரே வயதுக்காரர்கள். பேச்சில் எப்போதும் 'நீ'தான். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. பார்த்திருந்தால், "இன்னாபா செல்வம், செத்ததும் ப்ரமோஷன் குடுக்கிறியா?" என்று கேட்டிருப்பார்.

அவருக்குக் கண் நரம்பில் கோளாறு. பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. பழகிய புதிதில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டைக் கடக்க அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நின்றுவிட்டார். "நீ என் கைய இழுக்காத. நான் உன் தோள புடிச்சிகினு வரேன். எங்க போறோம்னு எனக்கும் தெரியணும் இல்ல?" என்றார். கோபம் இல்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் என் இடது தோளில் அவர் கை இருக்கும்.

எங்கள் அலுவலகம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களை நோயாளிகளின் செல்போனுக்கு அனுப்பித் தருகிறது. காலையில் அனுப்புவதற்கு முன்னால், நோயாளியின் பெயரும் ரத்த மாதிரியின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று ஸ்கிரிப்ட் எனும் ஒரு சின்ன புரோகிராம் சரிபார்க்கும். அதை எழுதியவர் அமல். பொருந்தாத இடத்தில் திரையில் ஒரு எச்சரிக்கை வரி ஓடும், கூடவே 'பீப்' என்று கம்ப்யூட்டர் கத்தும். உடனே அவர் நிறுத்திவிட்டுத் திருத்துவார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்து ஒவ்வொரு சொல்லாகத்தான் அவரால் படிக்க முடியும். திரையில் ஓடும் வரிகளைப் பின்தொடர முடியாது. அதனால் காதுக்காக எழுதினார்.

ஒரு நாள் எல்லா மெஷின்களையும் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். அன்று அமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பீப் கொடுக்கும் மாட்யூல், அதாவது துணை நிரல், விண்டோஸில் மட்டுமே உண்டு. லினக்ஸில் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்று, அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்று சொன்னது. எங்கள் குழுவில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், மாட்யூல் இல்லாவிட்டால் எதுவும் சொல்லாமல் மேலே போ என்று கட்டளை சேர்த்துவிட்டார். ஒலி எழுப்பும் வரிகளும் அதோடு சேர்ந்து ஊமையாகிவிட்டன. ஸ்கிரிப்ட் ஓடியது. ஓடுகிறது என்று எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் அமல் வந்து ஓட்டினார். சத்தமே இல்லை. சத்தம் இல்லையென்றால் தவறு இல்லை என்பதுதான் அவர் கணக்கு. அனுப்பிவிட்டார். அந்த வாரத்திலேயே ஒருவருடைய சர்க்கரை ரிப்போர்ட் வேறொருவருக்குப் போய்ப் பெரிய ரகளையானது. மேனேஜர் அமலைக் கூப்பிட்டு, எச்சரிக்கை திரையில் வந்திருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து இந்த வேலையை வேறு ஆள் பார்ப்பார் என்றார். அமலுக்கு வேறு என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அமல் கெஞ்சவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள ஏன்னு கண்டுபுடிச்சி சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். வேண்டுமென்றே ஒரு பெயரை மாற்றிக் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னார். சத்தம் வரவில்லை. "இப்ப கத்தணும்பா. ஏன் கத்தல? மேலேந்து படி" என்றார். நான் உரக்கப் படித்தேன். பிழையை விழுங்கும் அந்த வரி வந்ததும் மேஜையைத் தட்டினார். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஸ்கிரிப்ட் நின்றது, மாட்யூல் இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்ததைப் படித்துச் சொன்னேன். "அப்பாடா! இப்பத்தான் உண்மையப் பேசுது" என்று சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக ஒருவர் பிழையை வரவேற்று நான் பார்த்ததில்லை.

அந்த வரியைச் சேர்த்தவர்மேல் எனக்கு ஆத்திரம். அமலுக்கு இல்லை. "அவன் இன்னா பண்ணுவான்? எல்லாரும் ஓடுதான்னுதான் பாக்கறோம்" என்றார். ஒலிக்கான வரிகளையெல்லாம் தனி ஃபைலுக்குக் கொண்டுபோனோம். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பார்த்து, விண்டோஸ் என்றால் பழைய மாட்யூல், லினக்ஸ் என்றால் அதிலேயே இருக்கும் ஒலி எழுப்பும் கட்டளை. இரண்டும் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும். சோதித்தோம், பீப் வந்தது. வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"உக்காருபா. இது பத்தாது" என்றார். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டைப் பற்றி அப்பா சொன்னதை அன்றுதான் எனக்குச் சொன்னார். "கீழேந்து மணி அடிப்பாங்க. மேலேந்து பதில் மணி வரணும். வந்தாத்தான் கூண்டு நகரும். சத்தம் இல்லன்னா எல்லாம் சரின்னு யாரும் நினைக்க மாட்டாங்க. நான் இங்க அப்படி நினைச்சிட்டேன்." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தை அப்போதுதான் அவரிடம் பார்த்தேன்.

ஸ்கிரிப்ட் தொடங்கும்போது முதலில் ஒரு குரல் கேட்க வேண்டும், அதைக் கேட்டு அவர் என்டர் தட்டினால்தான் சரிபார்ப்பே தொடங்க வேண்டும் என்றார். உன் குரலையே பதிவு செய் என்றேன். "என் குரல நானே கேட்டு நானே நம்பறதா? நீ சொல்லு" என்று செல்போனை என் வாயருகே நீட்டினார். என்ன சொல்வதென்று தெரியாமல், "இருக்கேன் அமல்" என்றேன். "அது போதும்" என்றார்.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டினோம். தவறான பெயர் வந்ததும் பீப் கேட்டது. அவர் கன்னடத்தில், "ஆயித்து அமல், நீவே நோட்கொள்ளி" என்றார். சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அமல் தன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தின் காலை இப்படித்தான் தொடங்கியது. கம்ப்யூட்டரில் என் குரல், "இருக்கேன் அமல்" என்று சொல்லும். "நானும் கீறேன்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவர் என்டரைத் தட்டுவார். என் தென்காசிப் பேச்சும் அவருடைய தங்கவயல் பேச்சும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதாகப் பக்கத்து மேஜைக்காரர்கள் கேலி செய்வார்கள். பிறகு அவர் பார்வை இன்னும் குறைந்தது. காலை விசாரிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை.

தங்கவயலில் அடக்கம் முடிந்து ரயிலில் தனியாகத் திரும்பினேன். இடது தோள் வெறுமையாக இருந்தது. சில நாள் கழித்து அவருடைய மெஷினையும் காலை வேலையையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். தென்காசியையோ அங்கிருக்கும் என் வீட்டையோ நினைத்தால்கூட வராத அழுகை, அந்த ஸ்கிரிப்டை முதல் முறை ஓட்டியபோது வந்தது. குரலை மாற்றிவிடலாமே, ஒரு நிமிட வேலைதானே என்று நண்பர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அமலிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான், பதில் வரும்வரை நகராமல் நிற்பதை.

இன்று காலையும் ஓட்டினேன். "இருக்கேன் அமல்" என்று என் குரல் சொல்லிவிட்டு நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு நானே என்டரைத் தட்டினேன்.