இருபத்து நான்கு வினாடிகளும் ஒரு பழைய டிஸ்கோ பாட்டும்

இந்த ஊரில் சாலையைக் கடக்க ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கியதும் கம்பத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் "வெயிட், வெயிட்" என்கிறது. பிறகு நடக்கும் மனித உருவம் வெள்ளையாக ஒளிர்கிறது. பக்கத்தில் எண்கள் இறங்கத் தொடங்குகின்றன. சான் ஹோசேயில் என் மனைவி செல்வி போகும் பிசியோதெரபி க்ளினிக் வாசலில் ஆறு தடச் சாலை. அதைக் கடக்க இருபத்து நான்கு வினாடிகள் தருகிறார்கள். ஐந்து மாதங்களாக என் கண் முதலில் போவது அந்த எண்களிடம்தான்.

மதுரை காளவாசலில் எண்கள் கிடையாது. வலது உள்ளங்கையைக் காட்டியபடி இறங்கிவிட வேண்டியதுதான். பஸ் நிற்காது, ஆனால் நாம் போகிற அளவுக்கு வேகம் குறையும். இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா வந்த முதல் வாரம், செல்வி இங்கேயும் அப்படிக் கையைக் காட்டினாள். காரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினார். "யாருங்க அந்தாளு, நம்மளத் தெரியுமா?" என்றாள் பயத்தோடு. அதன் பிறகு அவள் சாலையில் கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

அவள் மென்பொருள் சோதனைப் பொறியாளர். நான் மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, அவள் விசாவின் நிழலில் வந்தவன். கிரீன் கார்டு வரிசையில் பதினான்கு வருடமாக நிற்கிறோம். இங்கேயே பிறந்த மகள் டெக்சாஸில் படிக்கிறாள். அவளை யாரும் போகச் சொல்ல முடியாது. நாங்கள் இருவரும் இருப்பது செல்வியின் வேலையைப் பொறுத்தது. வேலை போனால் அறுபது நாட்களுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பக்கவாதம் அவளுடைய இடது கையையும் காலையும் பிடித்தபோது, ஆம்புலன்ஸில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அறுபதுதான். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. துணையில்லாமல் பத்திரமாக நடப்பாள் என்று தெரபிஸ்ட் கடிதம் தந்தால்தான் அலுவலகத்துக்குள் விடுவார்கள். தெரபிஸ்ட் டெனிஸ், அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. ஊன்றுகோல் இல்லாமல், யாரும் தொடாமல், சிக்னல் முடிவதற்குள் இந்தச் சாலையைக் கடக்க வேண்டும். கடிதத்துக்கு அவர் வைத்த பரீட்சை அது.

சீரான தாளம் இருந்தால் தடுமாறும் கால் அதைப் பிடித்துக்கொள்ளுமாம். முதல் நாள் படிவத்தில் 'பிடித்த இசை' என்றொரு கட்டம் இருந்தது. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று 'எதுவானாலும் சரி' என்று எழுதினேன். இருபது வருடமாக இங்கே எல்லாப் படிவத்திலும் நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

"பக்கம் பக்கமா எழுதுவீங்க. ஒரு பாட்டு பேரு எழுத வரல," என்றாள் செல்வி.

டெனிஸ் தன் இளமைக்காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார். கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளை ராக் பாடகர், ஓரிரு வருடங்கள் கிதார் இரைச்சலை விட்டுவிட்டுக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கும் டிஸ்கோவுக்கும் மாறியிருந்தபோது பாடியதாம். நாடு முழுக்க ஹிட். கனத்த பேஸ், அடிக்கு அடி கைத்தட்டல். "எங்க வீட்டுக்கு வந்து எங்க அப்பாவோட கோட்டை எடுத்து மாட்டிக்கிட்ட மாதிரி எங்க இசையை எடுத்துக்கிட்டான். அப்பாவுக்குக் கடைசிவரை கோபம்," என்றார் டெனிஸ். "ஆனா கோட்டு அவனுக்குப் பொருந்துச்சு. நான் ஆடினேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் இதுக்கு எங்கே ஆடினீங்க?" என்று கேட்டார். ஆடியதில்லை என்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டினார்.

போனில் போட்டுக் காட்டியபோது மகள் சிரித்தாள். "அப்பா, இது க்ரோசரி ஸ்டோர் மியூசிக்!" உண்மைதான். இருபது வருடமாகப் பால் வாங்கும்போது தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நடுவில் ஒருநாள் செல்வி தன் கல்லூரிக் காலத்துத் தமிழ்ப் பாட்டைக் கேட்டாள். வயலின்கள், சின்ன மௌனம், பல்லவி. நான்கு அடி அழகாக வைத்தாள். இடையில் தாளம் ஒதுங்கிப் புல்லாங்குழல் மட்டும் வந்தபோது கால் நின்றுவிட்டது. டெனிஸ் பதறிப் பிடித்தார். செல்வி கம்பியைப் பற்றியபடி, "இதக் கேட்டா நடக்கத் தோணலங்க. நிக்கத்தான் தோணுது," என்றாள். மறுபடி டிஸ்கோ. தாழ்வாரத்தில் சாலையின் அகலத்தை அளந்து நடந்ததில் முப்பத்தொன்று, இருபத்தெட்டு, கடைசியாக இருபத்தாறு வினாடிகள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. நான் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும் என்பது டெனிஸின் உத்தரவு. செல்வியின் ஒரு காதில் இயர்போன். அவளுக்கு ஓரடி பின்னால் ஊன்றுகோலைக் கையில் வைத்துக்கொண்டு டெனிஸ். வெள்ளை உருவம் ஒளிர்ந்தது. முதல் மூன்று தடங்கள் பன்னிரண்டு வினாடியில் வந்துவிட்டாள். நான்காவதில் இடது கால் லேசாக இழுத்தது. ஆறு. ஐந்து. இரண்டு தடங்கள் மிச்சம். கடைசித் தடத்தில் நின்ற கார் மெல்ல உறுமியது. அவள் எண்ணைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். கால் தாளத்தை விடவில்லை. வலது கை தானாக உயர்ந்தது. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை காருக்கு நேராக.

எண் பூஜ்யம் ஆனது. பிறகு கார்களுக்குப் பச்சை. ஒரு காரும் அசையவில்லை. முன்னால் இருந்தவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார். செல்வி நடைபாதையில் ஏறி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வினாடி லேட்," என்றார் டெனிஸ், மூச்சு வாங்க. "பரவாயில்லை. காரை நிறுத்தத் தெரியுது. லெட்டர் தர்றேன். அதென்ன கை, உங்க ஊர் டான்ஸா?"

நான் விளக்க வாயெடுத்தேன். "ஆமான்னு சொல்லிருங்க," என்றாள் செல்வி.

ஆமாம் என்றேன்.

கடிதம் எழுத வேண்டிய மேசை எதிர்ப்பக்கத்தில், க்ளினிக்குக்குள் இருந்தது. செல்வி தானே பொத்தானை அமுக்கினாள். கம்பம் "வெயிட், வெயிட்" என்றது. பாட்டு இன்னும் முடியவில்லை போலும். இடது பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வலது கை இன்னும் பாதி உயரத்திலேயே இருந்தது.