ஊசி போடாமல் கோயம்புத்தூர் பார்க்கப் போனேன்

மார்கழியில் கோயம்புத்தூர் போகலாமா, குழந்தைகளுடன் போனால் என்னென்ன பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் நான் போன மாதிரி மட்டும் போகாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நீலகிரி மலையிலுள்ள பைக்காராவிலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். அங்கே ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருக்கும் என் நண்பர் சென்னிமலை, "சர்க்கஸ் வந்திருக்குது, திருவாதிரைக்குப் பேரூர் போலாம், கொழந்தையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று கடிதம் போட்டிருந்தார். முன்பு திருச்சியில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தவர் அவர். எனக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. என் மகள் கமலாவுக்கு எட்டு வயது. சர்க்கஸ் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

என் மனைவி மீனாட்சிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளால் வர முடியாது. எங்களை அனுப்ப ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அந்த ஊரில் பனிக்காலம் வந்தால் பிளேக்கும் வரும். ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கிட்டு வந்து கையைக் காட்டுங்க. அப்புறம்தான் ரயில்."

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கம்பவுண்டரிடம் விசாரித்தேன். இரண்டு நாள் ஜுரம் அடிக்கும், கையைத் தூக்க முடியாது, ஊசி வேலை செய்யவே பத்து நாள் ஆகும் என்றார். நான் கணக்குப் போட்டேன். போகிறதே ஆறு நாள். அதில் இரண்டு நாள் ஜுரத்தில் படுத்துவிட்டால் எதைப் பார்ப்பது? பத்து நாள் கழித்து வேலை செய்கிற ஊசி ஆறு நாள் பயணத்துக்கு எதற்கு? ஆகா, என்ன புத்தி! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே ஊசி என்றால் பயம். முன்னால் நின்றவருக்குப் போட்ட ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் கமலா அழ ஆரம்பித்தாள். அதுதான் சாக்கு என்று அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஞ்சும் துணியும் வாங்கி அவள் வலது கையில் ஒரு கட்டு, என் கையில் ஒரு கட்டு. "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சரி என்று தலையை ஆட்டினாள். மீனாட்சி கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிச்சுதாடி?" என்று கேட்டு மகளுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

திருச்சியில் காலை வண்டி பிடித்து, ஈரோட்டில் மாறி, போத்தனூர் வழியாகக் கோயம்புத்தூர் போய் இறங்கும்போது மாலை ஆறரை மணி. மூன்றாம் வகுப்பில் எனக்கு இரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா, கமலாவுக்கு அதில் பாதி. ஈரோட்டில் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், கையில் சாப்பாடு வைத்துக்கொள்வது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெடவெடக்க வைக்கிறது. ஒரு கம்பளி போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "ஏனுங்க, எங்கீங்க போகோணும்?"

தேர்வீதிக்குப் பின்னால் உள்ள சந்தின் பெயரைச் சொன்னேன். நாலணா பேசி வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

"வீதி வரைக்கும் வாரனுங்க. சந்துக்குள்ளாற வண்டி வராதுங்க. அந்தப் பக்கம் ரெண்டு ஊட்டுல எலி உழுந்துபோச்சுங்க."

"எலி விழுந்தால் என்ன?"

அவர் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க இப்பிடிக் கேக்கறீங்க? எலி உழுந்தா, பொறவு மனுசனுங்க. ஊசி போட்டுக்கிட்டுத்தானுங்களே வந்தீங்க?"

"போட்டாச்சு" என்றேன். என் மடியில் உட்கார்ந்திருந்த கமலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு முதுகில் குளிர் ஏறியது. அது கணவாய்க் காற்று இல்லை.

வழியில் மின்சார விளக்குகள் எரிந்தன. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் கூரை ஓடு பிரித்துப்போட்ட வீடுகள் மூன்றைப் பார்த்தேன். வெயில் உள்ளே விழட்டும் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் பிரித்துவிடுவார்களாம். அந்த வீட்டு ஜனங்கள் ஊருக்கு வெளியே காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். சென்னிமலையின் வீட்டு வாசலில் அவர் மனைவி பழனியம்மாள், இடுப்பில் இரண்டு வயதுப் பையன் மணியோடு நின்றிருந்தார். "வாங்க வாங்க, அம்மணி எப்பிடி வளந்துபோட்டா!" என்று கமலாவின் கன்னத்தைக் கிள்ளினார். அடுத்த கேள்வி, "ஊசி போட்டாச்சுங்களா?" என்னும் அதே கேள்விதான். அதே பொய்யைச் சொன்னேன்.

இரண்டாம் நாள் மருதமலை. ஊரிலிருந்து எட்டு மைல். ஜட்காவுக்குப் போக வர ஒன்றே கால் ரூபாய் கேட்பார்கள், ஒரு ரூபாய்க்கு வருவார்கள். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். அடிவாரத்தில் பனி விலகாமல் நின்றது. படியை எண்ணிக்கொண்டு ஏறினோம், நானூறுக்கு மேல் விட்டுப்போயிற்று. இறங்கும்போது கமலா இலந்தைப் புதரில் கையை விட்டுப் பழம் பறித்து, விரலில் முள் குத்திவிட்டது என்று சிணுங்கினாள். ஊதிவிட்டு, "சரியாப் போச்சு" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் சென்னிமலை அவருடைய ஆலையைச் சுற்றிக் காட்டினார். முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினால் விடுகிறார்கள். வீதிக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் குடித்தோம். அதன் ருசிக்கு ஈடு கிடையாது, ஒரு கூஜா அவசியம் கொண்டுபோங்கள். மாலையில் சர்க்கஸ், தரை டிக்கெட் இரண்டணா. கூடாரத்தில் பாதி காலி. புலி உறுமியபோது கமலா கைதட்டினாள். எனக்குப் புலியைப் பற்றிக் கவலையே இல்லை. பெஞ்சுக்கு அடியில் எது ஓடுகிறது என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் திருவாதிரை. பேரூர்க் கோயிலுக்குப் போக வேண்டிய நாள். விடிந்ததும் மாட்டுக்கொட்டிலில் சென்னிமலையின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு எலி கிறுகிறுவென்று சுற்றிவந்து, எங்கள் கண் முன்னால் விழுந்து செத்தது.

அவர் பதறவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி அதைக் கொளுத்தினார். "மாஸ்டரு, இன்னைக்கே தோட்டத்துச் சாளைக்குப் போயரோணுமுங்க. முனிசிபாலிட்டிக்கும் சொல்லோணும். நல்லவேளை, மணியைத் தவுர நம்ம எல்லாத்துக்கும் ஊசி இருக்குது." தோட்டத்துக் குடிசையைத்தான் அங்கே சாளை என்கிறார்கள். சாளைக்குப் போய்விட்டால் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

கமலாவை எழுப்பப் போனேன். உடம்பு கொதித்தது. தூக்கி உட்கார வைத்தபோது, "அக்குள்ள வலிக்குதுப்பா" என்றாள். தொட்டுப் பார்த்தேன். வலது அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது? பிளேக் கட்டி எங்கே வரும் என்று அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகை, அங்கே போனவர்கள், திரும்பாதவர்கள் என்று மூன்று நாளாகக் கேட்ட கதையெல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. மீனாட்சியின் முகமும் வந்தது.

அப்படியும் நான் சொல்லவில்லை. அரைமணி நேரம் சொல்லவில்லை. அந்த அரைமணியில் பழனியம்மாள் வந்து கமலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி போட்டார். மணி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கமலாவின் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தான். பழனியம்மாளின் விரல் கட்டியில் பட்டதும் நின்றது.

"ஊசி எந்தக் கையிலீங்க கண்ணு போட்டாங்க?" என்று குழந்தையைக் கேட்டார். ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டுவதும் உண்டு.

கமலா கண்ணைத் திறந்தாள். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. என்னைத் தேடிப் பார்த்தாள். பிறகு வலது கையைத் தொட்டுக் காட்டி, "இங்கதான் அத்தை, ரொம்ப வலிச்சுது" என்றாள்.

அவ்வளவுதான். பழனியம்மாளையும் சென்னிமலையையும் வாசலுக்குக் கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். ஊசி போடவில்லை, அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, கட்டு நான் கட்டியது என்று.

பழனியம்மாளுக்கு முகம் வெளுத்தது. "அட கெரகமே! என்ற கொழந்தைய அங்க பக்கத்துலயே உட்டுப்போட்டு நின்னனுங்களே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?" என்று கத்தினார். கத்தட்டும், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அடுத்த நொடி மணியைத் தூக்கிப் புருஷன் கையில் கொடுத்தார். "நீங்க டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டு, இவனைக் கூட்டிக்கிட்டுச் சாளைக்குப் போயிருங்க. நான் கொழந்தைகூட இருக்கறன்."

நான் உள்ளே போகத் திரும்பினேன். கையை நீட்டி மறித்தார்.

"நீங்க உள்ள வரக்கூடாதுங்க. எனக்கு ஊசி இருக்குது. உங்களுக்கு இல்லீங்க. அங்கியே நில்லுங்க."

காலை எட்டு மணியிலிருந்து நான் அந்தச் சந்தில் நின்றேன். என் மகளுக்கு யாரோ பெற்ற பெண் தண்ணீர் கொடுக்கிறாள், பெற்ற நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே. பேரூருக்குப் போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்து முனையைக் கடந்துபோயின. ஒரு வண்டியிலிருந்து யாரோ, "ஏனுங்க, பேரூருக்கு வரலீங்களா? எடம் இருக்குதுங்க" என்று கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து கமலா "அப்பா, அப்பா" என்று முனகினாள். "இங்கதான்மா இருக்கேன், ஜன்னல்கிட்டத்தான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

டாக்டர் வரும்போது பதினொரு மணி. கட்டியைப் பார்த்தார், பிறகு கமலாவின் கையைத் திருப்பினார். வலது ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது. அங்கிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. விரலைக் கீறினார். சீழோடு ஒரு துண்டு இலந்தை முள் வெளியே வந்தது.

ஜன்னலருகில் வந்து அதைக் காட்டினார். "கட்டிக்குக் காரணம் இதுதான்னு நினைக்கறேன். ஆனா எலி விழுந்த வீடு, ஊசியில்லாத குழந்தை. ஜுரம் இறங்கினால்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். நாளைக் காலை வரைக்கும் பொறுங்க." போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பழனியம்மாள் ஜன்னலுக்கு வந்தார். "வேத்துப்போச்சுங்க. பசிக்குதுன்னு கேக்கறா" என்றார். நான் அந்தச் சந்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்று பகலே வண்டி வைத்துக் கமலாவைச் சாளைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அடுத்த நாள் அங்கே வந்து எங்கள் இருவருக்கும் இடது கையில் ஊசி போட்டார். சொன்னபடியே இரண்டு நாள் ஜுரம். எந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தேனோ, அதே இரண்டு நாள். ஆறு நாள் பயணம் எட்டு நாளாயிற்று. கிளம்பும்போது பழனியம்மாளின் காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேண்டாமுங்க. இனி பொய் சொல்லாம இருங்க" என்றார்.

ஆகவே, போகிறவர்களுக்கு: வண்டி ஏறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழைப் பையில் வைத்திருங்கள். எலி செத்துக் கிடந்தால் யாருடைய வீடானாலும் உடனே சொல்லுங்கள். இலந்தைப் புதரில் குழந்தை கையை விட்டால் வீட்டுக்கு வந்ததும் முள் எடுங்கள். பேரூர் ஊரிலிருந்து நாலு மைல். சிற்பங்கள் பிரமாதம் என்கிறார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, நான் பார்க்கவில்லை.

திருச்சிக்கு வந்து சேர்ந்ததும் மீனாட்சி வெந்நீர் போட்டுக் கமலாவைக் குளிப்பாட்டினாள். நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஈரோட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன். சோப்புப் போட்ட கை இடது தோளுக்குக் கீழே நின்றது. புதுத் தழும்பு, இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"அன்னைக்குக் கட்டு வலது கையில்தானே இருந்தது? இது எப்போ போட்ட ஊசி?" என்று கேட்டாள்.

கோயம்புத்தூரில் நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டது கமலாவுக்குத் தெரியாது. அவள் கண்ணில் வழிந்த சோப்பைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லலாமாப்பா?"