மார்கழி விரால்

மார்கழியில் விரால் கடிக்காது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய், குட்டை, பள்ளம் எல்லாம் நிறைந்து கிடக்கும். மீனுக்கு வேண்டிய இரை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அதோடு பனி. குளிர்ந்த தண்ணீரில் விரால் சேற்றோடு சேறாக அடியில் படுத்துவிடும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி, ஊரே கூடையும் கையுமாக இறங்கித் துழாவும்போதுதான் விரால் வீட்டுக்கு வரும். இப்போது என் மகன் மார்கழியிலும் சந்தைக்குப் போய், தொட்டியில் நீந்துகிற வளர்ப்பு விராலைக் காட்டி எடை போடச் சொல்கிறான். வேண்டாம் என்றால் காரணம் கேட்கிறான். காரணத்தை அவனிடம் வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் அண்ணன், மதினி, நான். அண்ணன் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினிக்குத் தலைப்பிரசவம். வலியெடுத்தும் பிள்ளை வெளியே வராமல், வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோய், வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை. மதினி பிழைத்தார். வயிற்றில் பதினொரு தையல். பிரித்தபோது ஏழு ஒட்டியிருந்தது, நாலு ஒட்டவில்லை. அந்த நாலோடுதான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

மதினியின் அம்மா உடனிருந்து பார்த்துக்கொண்டார். கட்டு மாற்றக் காரைக்குடியிலிருந்து ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். ஒருநாள் பழைய துணியை எடுத்துப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து அண்ணனிடம் சொன்னார்:

"உடம்புல ரத்தமே இல்ல. ஊசிய நான் போட்டுட்டுப் போறேன், அது என் வேலை. ஒரு விராலைப் பிடிச்சு, மிளகு தட்டிப் போட்டு சாறு வச்சுக் குடுங்க. அப்பத்தான் சதை பிடிக்கும். அது உங்க வேலை."

"இதைத்தானே வந்த நாள்லருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து மதினியின் அம்மா குரல் கொடுத்தார்.

அண்ணன் கழுத்தில் கிடந்த மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்தில் விரால் தூண்டில் என்றால் அது அண்ணன்தான். ஆனால் மதுரையில், மதினியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியபோது, அவர் பழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து நடந்தால், தைப்பூசத்துக்கு நடந்தே வந்து காவடி எடுக்கிறேன் என்று. ஊருக்குத் திரும்பியதும் கோயிலில் உருத்திராட்ச மாலை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் படுப்பதில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு கீற்றைச் சாய்த்துக்கொண்டு, தனிச் சட்டியில் தானே பொங்கித் தின்றார். விடியுமுன் குளத்தில் முங்கினார். மாலை போட்டவர் மீனைத் தொடக்கூடாது. கொல்லக்கூடவே கூடாது.

வேறு ஆளைத் தேடினோம். தூண்டில் போடத் தெரிந்தவர்கள் ஊரில் அண்ணனைத் தவிர மூன்று பேர். ஒருவர் கழுத்திலும் மாலை. ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போயிருந்தார். மூன்றாமவர், "மார்கழியில விராலா? அதெல்லாம் ஒங்க அண்ணனுக்கே மாட்டாது" என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பிடி. நான் கூட வாரேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதேண்ணே."

"தவளை ஒன் கையில, தடி ஒன் கையில. வாய் மட்டும் என்னது. வாய்க்கு விரதம் கெடையாது."

ஊருக்கு மேற்கே, எந்தக் காலத்திலோ வீடு கட்டச் செம்பாறைக் கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் மூன்று இருந்தன. படிப்படியாக வெட்டிய கல் விளிம்பு, திடீரென்று ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். மறுநாள் காலையில் போனோம். முதல் இரண்டையும் அண்ணன் ஒரு பார்வையில் தள்ளிவிட்டார். மூன்றாவதில் ஆம்பல் இலை மூடிக் கிடந்தது. அதன் கரையில் ஒரு வேல மரம். மரத்தடியில் அண்ணன் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் கணுக்கால் தண்ணீரில், கல் படியில் நின்றேன். பனியில் தூண்டில் தடியைப் பிடித்த விரல் மரத்துப்போனது. எனக்கு நீச்சல் தெரியாது. அது வேறு பயம்.

விரால் எவ்வளவு ஆழத்தில் படுத்தாலும் மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும். வாயை ஒருமுறை வெளியே வைத்து மடக்கென்று விழுங்கிவிட்டு இறங்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தூண்டில் முள்ளில் கோத்த தவளைக் குஞ்சை இலைமேல் வைத்து, அதுவாகத் தவறி விழுந்தது மாதிரி தண்ணீருக்குள் நழுவ விட வேண்டும். இதெல்லாம் அண்ணன் கரையிலிருந்து சொன்னது. என் தவளைகள் நழுவவில்லை. பொத்தென்று விழுந்தன.

"கல்லையா எறியிற? தவளைடா அது. அங்குட்டு, அந்தக் காஞ்ச இலைக்கு அங்குட்டு."

"இதுவாண்ணே?"

"அது ஒன் நெழல்."

கொத்தமங்கலத்துக்குக் கதவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆசாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்ன சாமி, மாலையும் கழுத்துமா விராலுக்குப் பாடம் நடத்துறீகளா?"

"விராலுக்கு இல்ல ஆசாரி. வாத்தியாருக்கு."

"அப்ப ரெண்டும் கரை சேராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஒன்பது தவளை போனது. மீன் இல்லை. மறுநாளும் இல்லை. வீட்டில் மதினிக்குச் சாயங்காலமானால் உடம்பு சுட ஆரம்பித்தது. கட்டுத்துணியைத் துவைக்கும்போது மதினியின் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாடை வந்தது.

அடுத்த நாள் வெயில் ஏறி, பள்ளத்தின் மேற்கு விளிம்பு சூடான பிறகு ஒரு விரால் கவ்வியது. தூண்டில் நரம்பு ஓடியது.

"இழுக்காத! முழுங்கட்டும். பத்து எண்ணு, அப்பறம் சுண்டு."

நான் நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். ஏழில் நரம்பு தளர்ந்தது. வெறும் முள் வந்தது.

"பத்து எண்ணச் சொன்னேனா, பத்தாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னேனா?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மதினி படுத்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு வெகுநேரம் எதுவும் அசையவில்லை. கடைசித் தவளையைக் கோத்தேன். இந்தமுறை அது இலையிலிருந்து எப்படியோ சரியாக நழுவியது. தண்ணீர் ஒரு குடம் அளவுக்குக் குழிந்து மூடியது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவரே சத்தமாக எண்ணினார். "சுண்டு!" என்றார். சுண்டினேன். தடி வில்லாக வளைந்தது. மீன் ஆம்பல் தண்டுகளுக்குள் புகுந்து, நரம்பை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. விட்டால் ஓடவில்லை.

"எறங்கி நரம்போட போ. தண்டை அறு."

"ஆழம்ணே."

"ரெண்டு எட்டுத்தான்."

ஓர் எட்டு வைத்தேன். காலுக்குக் கீழே கல் இல்லை. தடியை விடாமல் பின்னால் சாய்ந்து, படியைப் பிடித்துக்கொண்டேன். நரம்பு ஆம்பல் தண்டில் அறுபடுகிற மாதிரி கிர்ரென்றது.

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி எடுத்து, கண்ணில் ஒற்றி, வேல மரத்தின் ஒரு முள் கிளையில் தொங்கவிட்டார். போட்ட மாலையை நடந்து முடித்துக் கோயிலில்தான் கழற்ற வேண்டும். நடுவில் கழற்றினால் வேண்டுதல் அதோடு போயிற்று. அது தெரியாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. நான் "அண்ணே" என்றேன். அவர் என்னைத் தாண்டித் தண்ணீரில் பாய்ந்தார்.

மேலே வந்தபோது மீனை மார்போடு அணைத்திருந்தார். முழங்கையளவு நீளம். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. உதடு நீலம் பாரித்துப் பல் கிட்டிக்கொண்டது. கரையேறி மாலையை எடுத்தார். கழுத்தில் போடவில்லை. வேட்டி மடியில் முடிந்துகொண்டு, மீனைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வெறும் தடியோடு பின்னால் போனேன்.

மதினியின் அம்மா கொல்லையில் மூன்று கல் கூட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுச் சாறு வைத்தார். புண்ணுக்கு ஆகாது என்று உப்பே போடவில்லை. அண்ணன்தான் கிண்ணத்தைக் கொண்டுபோனார். மாலை போட்ட நாளிலிருந்து அதுவரை அவர் அந்த அறை வாசற்படியைத் தாண்டியதில்லை. மதினி கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைத்தான் பார்த்தார்.

"மாலை எங்க?"

"கழட்டிட்டேன்."

"யாரைக் கேட்டுக் கழட்டுனீக?"

"மீனு தண்டுல மாட்டிக்கிருச்சு. தம்பிக்கு நீச்சத் தெரியாது."

மதினி கண்ணை மூடிக்கொண்டார். அவர் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குடிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மதினி கையை நீட்டினார்.

"குடுங்க. நீங்களும் கழட்டிட்டீக. நானும் குடிக்காமப் போனா ரெண்டும்ல போச்சு."

முழுக் கிண்ணத்தையும் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். ஒரு மிளகு பல்லில் சிக்கியிருந்தது. அதை விரலால் எடுத்து அண்ணனிடம் காட்டினார்.

அந்த மீன் இரண்டு நாளைக்கு வந்தது. சுரம் இறங்குகிற மாதிரி இருந்தது. ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைவரை நடந்தார். பிறகு சுரம் ஏறியது, இறங்கவே இல்லை. மறுபடி மதுரைக்குக் கொண்டுபோகக் கார் பேசினோம். கார் வந்து நின்றபோது கம்பவுண்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டார். தை பிறந்த முதல் வாரம் அது.

சீழ் பிடித்த புண்ணுக்கும் மரத்தில் தொங்கிய மாலைக்கும் சம்பந்தம் இல்லை. படித்தவன், எனக்கு இது தெரியும். அன்றும் தெரியும். அண்ணனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசியதே இல்லை. "சரிடா" என்பார். அந்தச் "சரிடா"வை நான் நம்பியதில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், அண்ணன் சேர்ந்து நடப்பதாக இருந்த காவடிக் கூட்டம் எங்கள் தெரு வழியாகப் புறப்பட்டது. நாங்கள் தீட்டு வீடு. சாமி போகும்போது முகம் காட்டக்கூடாது. பகலிலேயே கதவைச் சாத்தி, சன்னலையும் சாத்திவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அண்ணன் தூணில் சாய்ந்திருந்தார். சட்டென்று என்னைக் கேட்டார்:

"சாறு நல்லாருக்குன்னு சொன்னாள்ல. நெசமாவே நல்லாருந்துச்சா? இல்ல எனக்காகச் சொன்னாளா?"

"நெசமாத்தாண்ணே. சட்டியில மிச்சம் இருந்ததை நானும் ஒரு வாய் குடிச்சேன்" என்றேன். நான் குடிக்கவில்லை. உப்பில்லாத மீன் சாறு எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் வாசலுக்கு நேராக வந்ததும் கொட்டு நின்றது. சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போது கொட்டுவதில்லை. வெறுங்காலோடு ஆட்கள் நடந்துபோகிற சத்தம் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் கேட்டது. அடுத்த தெரு திரும்பியதும் மறுபடி கொட்டினார்கள். அண்ணன் எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்வாசல் வழியாகப் போனார்.