டிரம்மு ராசசிங்கும் சம்பந்தியம்மா டார்ச்சும்

விஸ்வநத்தத்துல ராசசிங்குன்னு கேட்டா, "எந்த ராசசிங்கு?"ம்பாக. டிரம்மு ராசசிங்குன்னு கேட்டா சின்னப் புள்ளைகூட வீட்டுக் கதவு வரைக்கும் கொண்டாந்து விட்டுரும்.

அந்தப் பேரு சும்மா வரல. வெடி கம்பெனியில ஒவ்வொரு ரூம்பு வாசல்லயும் ஒரு டிரம்மு தண்ணி நிக்கணும். தீப் பொறி விழுந்தா அள்ளி ஊத்துறதுக்கு. சோதனைக்கு வர்ற ஆபீசருமாரு மருந்தப் பாக்குறதுக்கு முன்னாடி டிரம்மத்தான் எட்டிப் பாப்பாக. ராசசிங்கு வேலை பாக்குற கம்பெனியில முப்பத்திரண்டு ரூம்பு, முப்பத்திரண்டு டிரம்மு. காலையில ஆறு மணிக்கு ஓசு பைப்ப இழுத்துக்கிட்டு போவாரு. ராத்திரி ரெண்டு விரக்கடை குறைஞ்சிருந்தா ரெண்டு விரக்கடை ஊத்துவாரு. தண்ணி விளிம்புல வந்து தளும்பி நின்னாத்தான் அடுத்த டிரம்முக்கு நகருவாரு. இருவத்திரண்டு வருசமா இதே சோலி. ஒரு ஆபீசரு ஒரு தடவை குறை சொன்னதில்ல.

"என் டிரம்முல தண்ணி குறைஞ்சுச்சுன்னு எவனாவது சொல்லட்டும், மீசைய எடுத்துருதேன்"பாரு. அவருக்கு மீசை கம்மி. ஆனாலும் சொல்லுவாரு.

இப்பேர்ப்பட்டவருக்கு மகன் வயித்துப் பேத்தி பொறந்துச்சு. மருமக எவாஞ்சலினுக்குத் தாய்வீடு சாத்தூரு. புள்ளை அங்கனதான் பொறந்துச்சு. பாக்கப் போன அன்னைக்கி மனுசன் கைய நீட்டிக்கிட்டு ஓடுனாரு. சம்பந்தியம்மா ஞானதீபம் குறுக்க வந்து நின்னாக. முப்பது வருசம் ஆஸ்பத்திரியில நர்சா இருந்து ரிட்டையர்டு ஆனவுக.

"அண்ணாச்சி, சோப்புப் போட்டுக் கைய களுவிட்டு வாங்க."

களுவிட்டு வந்தாரு.

"முழங்கை வரைக்கும்."

திரும்பக் களுவிட்டு வந்தா புள்ளை தூங்கிருச்சு. தூங்குற புள்ளையத் தூக்கக் கூடாதுன்னுட்டாக. அன்னைக்கி ரோசாப் பூ மொட்டு கணக்கா இருந்த ஒரு குதிகால மட்டும் பாத்துட்டு பஸ்ஸேறி வந்தவருதான். மூணாம் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை புள்ளைய வீட்டுக்குக் கூட்டியாறதா நாள் குறிச்சாக. ராசசிங்கு தொட்டில் கட்டத் தொட்டிக்கம்பு வாங்கிட்டாரு, மெத்தை வாங்கிட்டாரு, கிலுகிலுப்பை மட்டும் நாலு வாங்கிட்டாரு.

அந்த வாரந்தான் ஊருக்குள்ள காய்ச்ச வந்துச்சு. மொதல்ல மூணு பேரு, நாலு நாள்ல பதினாலு பேரு. ரத்தம் விருதுநகரு பெரியாஸ்பத்திரிக்குப் போச்சு. டெங்குன்னு வந்துச்சு. சாத்தூர்லருந்து சம்பந்தியம்மா போனும் வந்துச்சு.

"அண்ணாச்சி, புள்ளைய இப்ப அனுப்ப முடியாது."

"மதினி, டெங்கு ஆளுக்கு ஆளு ஒட்டாதும்பாகள்ல?"

"ஆளுக்கு ஆளு ஒட்டாது. கொசு கடிச்சா ஒட்டும். அந்தக் கொசு எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. புதுக் காய்ச்ச நின்னு மூணு வாரம் போகட்டும். பெறவு கூட்டியாறேன்."

போன வச்சிட்டாக. ராசசிங்கு காலித் தொட்டிய ஒரு ஆட்டு ஆட்டிட்டு, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு நேரே சுகாதார இன்ஸ்பெக்டரத் தேடிப் போனாரு.

இன்ஸ்பெக்டரு சூர்யபிரகாஷ் சின்ன வயசு. கையில ஒரு நோட்டு, ஒரு டார்ச்சு. யாருக்குக் காய்ச்ச, என்னைக்கி வந்துச்சு, எந்தத் தெரு, எங்க போய்ட்டு வந்தாகன்னு வீடு வீடா எழுதிக்கிட்டு இருந்தாரு. சனம் ஒழுங்கா பதில் சொன்னாத்தான? ஒருத்தி புரோட்டாக் கடைங்குறா. ஒருத்தன் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்த வேனுல ஏசி ஜாஸ்திங்குறான்.

"சார், நான் கூட வாறேன். இவுகள எனக்குத் தெரியும்" அப்படின்னு ராசசிங்கு கம்பெனிக்கு நாலு நாள் அரை நேர லீவப் போட்டுட்டுப் புகுந்தாரு பாருங்க, ஊரு தாங்கல. செரட்டையக் கண்டா மிதிச்சாரு. கோழிக்கு வச்ச தண்ணியக் கொட்டுனாரு. ஒரு வீட்ல சாமி படத்துக்கு முன்னால வச்ச செம்பையே கவுத்திட்டாரு. பக்கத்து வீட்டு பெத்தணன் வீட்டுக்குள்ள போயி, கேக்காமக் கொள்ளாம பிரிட்ஜ முன்னால இழுத்து, பின்னால தண்ணி சொட்டுற தட்டுல டார்ச்ச அடிச்சாரு. நாலு புழு நெளிஞ்சுச்சு.

தட்டத் தூக்கித் தெருவுக்கே காட்டிட்டாரு. "பாருங்க இவன் வளக்குற லட்சணத்த. இவனாலதான் என் பேத்தி வர முடியாம கெடக்கா."

"மாமா, நாலு புளுதான இருக்கு" அப்படின்னான் பெத்தணன்.

"நாலு நாப்பதாவுறதுக்கு எம்புட்டு நேரமாவும்லே? வெக்கமா இல்ல உனக்கு? தண்ணிய வச்சிருந்தா அத ஒழுங்காப் பாக்கத் தெரிய வேணாம்?"

பெத்தணன் தட்டப் புடுங்கிக் கவுத்துனான். ஆனா அந்த மொகரையில ஒரு கணக்கு ஏறிருச்சு.

ஊரு சுத்தமாச்சு. காய்ச்ச மட்டும் நிக்கல. பதினாலு பத்தொம்பதாச்சு. சூர்யபிரகாஷ் டீக்கடை பெஞ்சுல நோட்ட விரிச்சு வச்சு தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

"அண்ணாச்சி, ஒண்ணு இடிக்கிது. இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். பகல்ல வீட்டுக்குள்ள கெடக்குற வயசாளிகளுக்கு ஒண்ணுமில்ல. பால்வாடிப் புள்ளைகளுக்கு ஒண்ணுமில்ல. அப்பக் கடி வேற எங்கயோ. நான் பேரு வாசிக்கேன், பகல்ல இவுக எங்கன இருப்பாகன்னு சொல்லுங்க."

"வாசிங்க சார்."

"தங்கபுஷ்பம்."

"எங்க கம்பெனிதான். ஏழாம் நம்பரு ரூம்பு."

"சங்கிலிமுத்து."

"ஒம்பதாம் நம்பரு. சக்கரத்துக்குத் திரி வைப்பான்."

"முத்துமாரி."

"எட்டு."

"வெள்ளைத்துரை."

"பதினொண்ணு. அவன் வாசல்லதான் சார் நம்ம புங்க மரம் நிக்கி. என்னா குளிர்ச்சிங்கிய. டிரம்முத் தண்ணி மத்தியானத்துலகூட சுடாது, ஐஸு கணக்கா..."

அங்கன வாயி நின்னு போச்சு. சூர்யபிரகாஷும் எழுதுறத நிப்பாட்டிட்டாரு. மிச்சப் பேரையும் வாசிச்சாரு. ராசசிங்கு குரலு இறங்கிக்கிட்டே வந்துச்சு. எட்டு. பத்து. பன்னெண்டு. பத்தொம்பது பேர்ல பதினேழு பேரு ஏழுலருந்து பன்னெண்டு வரைக்கும், மரத்தடி வரிசை. டீக்கடைக்காரரு கிளாஸ வச்சாரு. ராசசிங்கு அதத் தொடல.

ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போனாக. ஒம்பதாம் நம்பரு வாசல் டிரம்மு விளிம்பு வரைக்கும் தளும்பி நின்னுச்சு. சூர்யபிரகாஷ் டார்ச்ச அடிச்சாரு. பெத்தணன் தட்டுல நெளிஞ்சது நாலு. இங்க எண்ண முடியாது. அம்புட்டும் ஒரே நேரத்துல தலைகீழா இறங்கி, திரும்ப ஏறி, கும்மி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"இத எப்ப அண்ணாச்சி கடைசியாக் கவுத்துனீக?"

"கவுத்துறதா?" ராசசிங்குக்கு அந்த வார்த்தையே புரியல. "கவுத்துனா தண்ணி இருக்காதே சார். அந்நேரம் ஆபீசரு வந்துட்டா?"

"கொசு தண்ணிக்கு மேல, டிரம்மு சுவத்துல முட்டை வச்சிட்டுப் போயிரும். தண்ணி ஏறி அத நனைச்சா பொரிக்கும். நீங்க தெனம் ரெண்டு விரக்கடை ஊத்துறீகள்ல."

"ஆமா."

"அதான்."

வெயில்ல நிக்கிற மத்த டிரம்முல சனம் கைகால் களுவும், தண்ணி மாறிக்கிட்டே இருக்கும். மரத்தடி டிரம்முல ராசசிங்கு ஒருத்தரு கையும் படவிட மாட்டாரு. தண்ணி கண்ணாடியா இருக்கணும்பாரு, ஆனா விடிகாலை மரநிழல் இருட்டுல அவரு பாக்குறது விளிம்ப மட்டுந்தான். ஆகமொத்தம் இருவத்திரண்டு வருசமா காலையில ஆறு மணிக்கி ஒழுங்கு தவறாம அடை வச்சுப் பொரிச்சிருக்காரு மனுசன்.

அன்னைக்கி சாயங்காலம் ஆள் யாரும் இல்லாத நேரமாப் பாத்து, ஒவ்வொரு டிரம்மாக் கவுத்தி, தேங்கா நாரப் போட்டு உள்சுவரத் தேச்சு, உடனே ரொப்பி, அப்புறந்தான் அடுத்ததத் தொட்டாரு. கம்பெனியில தண்ணியும் இருக்கணும், புழுவும் இருக்கக் கூடாது. இடுப்பு ஒடிஞ்சு வீட்டுக்கு வந்தா பொஞ்சாதி கேட்டாக, "மதினிக்கி என்ன சொல்லப் போறீக?"

"கொசு இடம் தெரிஞ்சுருச்சுன்னு சொல்லுவேன்."

"யாரு டிரம்முன்னு கேட்டா?"

"கம்பெனி டிரம்மு."

"நர்சுகிட்ட அது செல்லுமாக்கும்."

செல்லல. போன்ல ஞானதீபம் கேட்ட ரெண்டாவது கேள்வியே அதுதான். "கம்பெனியில தண்ணி பாக்குறது யாரு அண்ணாச்சி?"

ராசசிங்கு தொட்டியப் பாத்தாரு. கிலுகிலுப்பை நாலும் அதுல கெடந்துச்சு. பொய் சொன்னா மதினிகிட்ட பேரு கெடாது, புள்ளையும் சொன்னபடி வந்துரும். ஆனா ஏழாம் நம்பரு தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரியில குளுக்கோஸு ஏத்திக்கிட்டு கெடக்கா.

"நான்தான் மதினி. முப்பத்திரண்டும் என் டிரம்முதான். இருவத்திரண்டு வருசமா ஒண்ணையும் கவுத்துனதில்ல."

"இப்பக் கவுத்தியாச்சா?"

"அம்புட்டையும். தேச்சு விட்டாச்சு. வெள்ளிக்கிழமைக்கி வெள்ளிக்கிழமை தேய்ப்பேன்."

"சரி. மூணு வாரம் எண்ணுவோம்."

தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்துட்டா. ராசசிங்கு ரெண்டு இளநி வாங்கிட்டுப் போயி வாசல்ல நின்னாரு. "பரவால்ல அண்ணாச்சி, அடுத்த தடவை கோழி வளத்துப் பாருங்க" அப்படின்னா. ஊரு பூராவும் அந்தப் பேச்சுதான். பெத்தணன் சும்மா இருப்பானா. வெள்ளிக்கிழமை தவறாம டார்ச்சோட வந்து, பாத்ரூமு வாளி வரைக்கும் எட்டிப் பாத்துட்டு, "தண்ணிய ஒழுங்காப் பாக்கத் தெரிய வேணாமா மாமா?"ன்னு கேட்டுட்டுப் போவான். ராசசிங்கு பல்லக் கடிச்சுக்கிட்டு கதவத் தொறந்து விடுவாரு.

மூணு வாரமும் புதுக் காய்ச்ச ஒண்ணு இல்ல. நாலாம் ஞாயித்துக்கிழமை சாத்தூர்லருந்து காரு வந்துச்சு. மொதல்ல இறங்குனது புள்ளை இல்ல, டார்ச்சு. அதுக்குப் பின்னால ஞானதீபம்.

மாடிக்கிப் போனாக, கொல்லைக்கிப் போனாக. பேத்தி குளிக்க ராசசிங்கு விடிகாலையிலேயே ஒரு புது டப்பு நெறைய தண்ணி புடிச்சு வச்சிருந்தாரு. பழக்கம் போகுமா, விளிம்புல தளும்பி நின்னுச்சு.

"இது என்ன அண்ணாச்சி?"

ராசசிங்கு குனிஞ்சு டப்பக் கவுத்துனாரு. அப்படியே பைப்படிக்கிப் போயி, சோப்புப் போட்டு, முழங்கைக்கு மேல தோள்பட்டை வரைக்கும் களுவிட்டு வந்து கைய நீட்டுனாரு.

ஞானதீபத்துக்கு அன்னைக்கித்தான் மொத மொதல்ல சிரிப்பு வந்துச்சு. எவாஞ்சலின் கையிலருந்து புள்ளைய வாங்கி அவரு கையில வச்சாக. "பத்து நிமிசம்."

புள்ளை முழிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. தாத்தன் மொகத்த ஒரு சுத்து பாத்துட்டு, கட்ட விரல எட்டிப் புடிச்சு வாயில வச்சுக்கிருச்சு. பத்து நிமிசம் போச்சு, ஒரு மணி நேரமும் போச்சு. அவரு உக்காந்த இடத்த விட்டு அசையல. யாரும் புள்ளையத் திருப்பிக் கேக்கவும் இல்ல.

வாசல்ல பெத்தணன் டார்ச்சோட வந்து நின்னு, பழக்க தோசத்துல புள்ளை பக்கம் வெளிச்சத்த அடிச்சான்.

"டார்ச்ச அமத்துலே" அப்படின்னாரு ராசசிங்கு, விரல உருவாமயே. "சத்தம் போடாம உள்ள வந்து, கையக் களுவிட்டுப் பாரு."